கயானா, சுரினாம் கரையோரம் ஒரு கிழமை: எதை வைப்பது, எதை விடுவது? (கேள்வியும் பதில்களும்; ஒவ்வொரு பதிவின் மேலேயும் எழுதியவரின் புனைபெயர்)

உவர்மலை

வணக்கம். அடுத்த பங்குனியில் தென்னமெரிக்காவின் வடகரையோரம் போக யோசிக்கிறோம். திருகோணமலையிலிருந்து இரண்டு பேர், இருவருக்கும் இலங்கைக் கடவுச்சீட்டு. ரொறன்ரோவிலிருந்து மச்சாள் ஒருவர் வந்து சேருவா, அவவுக்குக் கனடாக் கடவுச்சீட்டு. அங்கே நிற்க முழுதாக ஏழு நாள் இருக்கிறது. எங்கள் பட்டியலில் கயானாவின் ஜோர்ஜ்டவுன், கையெச்சூர் நீர்வீழ்ச்சி, ஃபெரியில் ஆற்றைக் கடந்து சுரினாமின் பரமாரிபோ, அங்கிருந்து பிரெஞ்சு கயானாவின் கயென், ஆமை முட்டையிடும் கரை, கடைசி இரண்டு நாள் கடற்குளிப்பு எல்லாம் இருக்கின்றன. ஏழு நாளுக்குள் இது அடங்குமா? டுபாய் போய் அமெரிக்கா வழியாகப் போவது நல்லதா, அம்ஸ்ரர்டாம் வழியா?

பாலையூற்று

தம்பி, அடங்காது. முதலில் மூன்றை வெட்டுங்கள்.

கடற்குளிப்பு: அமேசன் ஆறு கொண்டுவந்து தள்ளும் சேறு நீரோட்டத்தோடு மேற்கே இழுபட்டு இந்தக் கரை முழுக்கப் படிகிறது. கரையோரக் கடல் மண்ணிறமாய்க் கலங்கித்தான் இருக்கும், பல இடங்களில் கரையே சதுப்பும் கண்டலும். நிலாவெளியையும் உப்புவெளியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அங்கே போய்க் கடலில் இறங்க ஒன்றும் இல்லை. அந்த நாட்டின் அழகு ஆறுகளிலும் மரக்கட்டட நகரங்களிலும்தான் இருக்கிறது.

கயென்: பிரெஞ்சு கயானா பிரான்சின் ஒரு பகுதி, ஆனால் ஒரே விசாவில் போகக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் ஷெங்கன் வலயத்துக்குள் இல்லை. சாதாரண ஷெங்கன் விசாவைக் காட்டி உள்ளே போக முடியாது, அந்தப் பிரதேசத்துக்குச் செல்லுபடியாகும் என்று விசாவிலேயே இருக்க வேண்டும். பரமாரிபோவிலிருந்து எல்லை ஊரான அல்பினா 140 கிலோமீற்றர் அளவு, பிறகு மரோனி ஆறு, அதற்கு அப்பால் கயென் இன்னும் 250. போகவர இரண்டு நாள் தெருவிலேயே போய்விடும்.

ஆமை: சுரினாமின் கலிபியில் லெதர்பேக் என்ற பெரிய ஆமைகள் மாசி தொடங்கி ஆவணி வரை முட்டையிட ஏறும். பங்குனி அதன் தொடக்கம்தான், சித்திரைக்குப் பிறகே கூட்டம் கூடும். அல்பினாவுக்கு வாகனத்தில் போய், ஆற்றில் படகேறி, இரவு தங்க வேண்டும். இரண்டு நாளுக்குக் குறையாது. ஆமைதான் முக்கியம் என்றால் கையெச்சூரை விடுங்கள். இரண்டையும் வைத்தால் இரண்டும் அரைகுறையாய்ப் போகும்.

மிச்சத்தில் ஒன்றே ஒன்றை மனதில் வைத்துத் திட்டமிடுங்கள். உங்கள் கையில் இல்லாத இரண்டு காரியம் கையெச்சூர் விமானமும் ஃபெரியும். அவற்றை முன்னுக்குப் போட்டு, பரமாரிபோ நகரத்தைக் கடைசிக்கு விடுங்கள். நகரம் ஒரு நாள் குறைந்தாலும் தாங்கும்.

கன்னியா வீதி

பாதை பற்றிச் சொல்கிறேன். பலர் பிழை விடுவது இங்கேதான், பணமும் இங்கேதான் போகும்.

அமெரிக்காவில் விமான நிலையத்துக்குள்ளேயே இருந்துவிட்டு அடுத்த விமானம் ஏறும் வசதி கிடையாது. மயாமியிலோ நியூயோர்க்கிலோ ஒரு மணி நேரம் நின்றாலும் குடிவரவைக் கடக்க வேண்டும், அதற்கு இடைத்தங்கல் விசாவாவது வேண்டும். அம்ஸ்ரர்டாமில் வெளியே வராமல் மாறலாம்தானே என்று நினைப்பீர்கள். இலங்கைக் கடவுச்சீட்டுக்காரருக்கு ஷெங்கன் நாடுகளில் அதற்கும் விமான நிலைய இடைத்தங்கல் விசா வேண்டும். லண்டனும் அப்படித்தான். செல்லுபடியான அமெரிக்க அல்லது கனேடிய விசா கையில் இருந்தால் ஷெங்கன் இடைத்தங்கல் விசாவில் விலக்கு உண்டு. இல்லாவிட்டால் பயணச்சீட்டு வாங்கமுன் அந்த விசாவுக்கு விண்ணப்பியுங்கள்.

வழிகளில் எனக்குச் சரியாகப் படுவது அம்ஸ்ரர்டாம் – பரமாரிபோ. நேரடி விமானம், ஒன்பது மணி நேரம் அளவு. மச்சாள் தனியாக ஜோர்ஜ்டவுனுக்கு வரட்டும். அவவுக்குக் கயானாவுக்கு விசா தேவையில்லை. ஆனால் அவவுக்குப் பொருந்துவதைப் பார்த்து நீங்கள் நடக்கக் கூடாது. உங்கள் கடவுச்சீட்டுக்குக் கயானா என்ன கேட்கிறது, சுரினாம் என்ன கேட்கிறது என்று தனித்தனியாக அந்தந்தத் தூதரகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பிறகு பயணச்சீட்டு. சுரினாமுக்குள் நீங்கள் இரண்டு முறை நுழைவதால் விசா தேவைப்பட்டால் பன்முறை நுழைவுக்குக் கேளுங்கள்.

மஞ்சட்காய்ச்சல் தடுப்பூசியை மறக்கவே கூடாது. இரண்டு நாடும் அபாய நாடுகள். திரும்பி வரும்போது இலங்கையும் அந்தச் சான்றிதழைக் கேட்கும், ஒன்பது மாதத்துக்கு மேற்பட்ட எல்லோரிடமும். பொரளை மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்தில் போடுகிறார்கள். இங்கிருந்து இரவு ரயிலில் போய் அன்றே முடிக்கலாம், ஆனால் மருந்து இருக்கிறதா, எந்த நாள் போடுகிறார்கள் என்று தொலைபேசியில் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும், பிறகு ஆயுள் முழுக்கச் செல்லும். அறுபது வயது தாண்டியவர்களும் முட்டை ஒவ்வாதவர்களும் முதலில் வைத்தியரைக் கேட்க வேண்டும். அந்த மஞ்சள் அட்டையைக் கடவுச்சீட்டோடு சேர்த்தே வைத்திருங்கள், பெட்டிக்குள் போட வேண்டாம்.

உவர்மலை

நன்றி அண்ணா. பரமாரிபோவில் இறங்கினால் ஜோர்ஜ்டவுனுக்குப் போய்த் திரும்புவது எப்படி? ஃபெரியில் இரண்டு முறையா?

கொட்டியாரம்

ஒரு முறை போதும். போகும்போது விமானம், வரும்போது ஃபெரி. பரமாரிபோ நகருக்குள் இருக்கும் சோர்க் அன் ஹோப் நிலையத்திலிருந்து ஜோர்ஜ்டவுனின் ஓகிள் நிலையத்துக்குச் சிறிய விமானங்கள் பறக்கின்றன. ஓகிளும் நகரத்தோடு ஒட்டியது, கையெச்சூர் விமானமும் அங்கிருந்துதான். மச்சாள் வந்திறங்கும் திமேரி நிலையம் வேறு, அது நகரத்துக்குத் தெற்கே 40 கிலோமீற்றர் தள்ளி. இரண்டையும் குழப்ப வேண்டாம்.

நாள் 1 பரமாரிபோவில் இறங்கி நித்திரை. நாள் 2 ஓகிள், பின்னேரம் ஸ்ராபுறூக் சந்தையும் மரத்தாலான புனித ஜோர்ஜ் தேவாலயமும். சந்தையில் கைப்பையை முன்னால் பிடியுங்கள். இருட்டினால் நடக்க வேண்டாம், விடுதியில் சொல்லி டாக்ஸி எடுங்கள்.

நாள் 3 கையெச்சூர். ஒரே வீழ்ச்சியில் 226 மீற்றர். பறப்பு ஒரு மணி நேரம் அளவு, மேலே நிற்க இரண்டு மணி நேரம் கிடைக்கும். ஆட்களையும் பைகளையும் நிறுத்துத்தான் ஏற்றுவார்கள். ஆசனம் நிரம்பாவிட்டாலும், நீர்வீழ்ச்சி இருக்கும் பொட்டாரோ ஆற்றுப் பள்ளத்தாக்கில் முகில் இறங்கினாலும் அடுத்த நாளுக்குத் தள்ளுவார்கள். அதனால் நாள் 4 காலையைச் சும்மா விடுங்கள். பாறை விளிம்பில் கைபிடி வேலி இல்லை, ஈரமானால் வழுக்கும், பிடிப்புள்ள சப்பாத்து வேண்டும்.

நாள் 4 பின்னேரம் கிழக்கே பேர்பிஸ் பக்கம் புறப்பட்டு கொரிவேர்ட்டனில் தங்குங்கள். மூன்று நான்கு மணி நேர ஓட்டம். பேர்பிஸ் ஆற்றின் மிதவைப் பாலத்தைக் கப்பல் போக விலக்குவார்கள். அப்போது வாகனங்கள் ஒரு மணி நேரத்துக்கு மேலும் நிற்கும். நேரம் கடலேற்றத்தைப் பொறுத்து நாளுக்கு நாள் மாறும், அன்றைய நேரத்தைக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

நாள் 5 மொலிசன் கிறீக்கிலிருந்து ஃபெரி. பாலம் வரமுன் கிண்ணியாவில் பாதைப் படகுக்கு நின்றதுபோல இங்கேயும் காத்திருப்புத்தான் பெரிது, கடப்பது அரை மணி நேரம். காலைச் சேவையைத் தவறவிட்டால் அன்றைய நாளே வீணாய்ப் போகலாம், இரண்டு மணி நேரம் முன்னதாக நில்லுங்கள். சுரினாம் நேரம் கயானாவைவிட ஒரு மணி கூட. வான்காரரோடு பேசும்போது எந்த நாட்டு நேரம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். சவுத் டிறெயினில் இறங்கி நியூ நிக்கேரி வழியாகப் பரமாரிபோவுக்கு 270 கிலோமீற்றருக்கு மேல்.

கொரிவேர்ட்டனின் ஸ்பிறிங்லாண்ட்ஸில் வேகப்படகுக்காரர் உடனே கடத்திவிடுகிறோம் என்று கூப்பிடுவார்கள். ஏற வேண்டாம். கடவுச்சீட்டில் முத்திரை விழாது, நாட்டைவிட்டு வெளியேறும்போது மாட்டுவீர்கள்.

பாலையூற்று

பேர்பிஸில் ஞாயிறு விழுந்தால் காளி கோயில் ஒன்றுக்குப் போய்ப் பாருங்கள். 1838இலிருந்து கயானாவுக்குக் கரும்புத் தோட்டங்களுக்கு ஏற்றப்பட்ட இந்தியரில் பெரும்பாலானோர் கல்கத்தா வழியாக வந்த வடக்கத்தியர். மதராஸ் வழியாக வந்தவர்கள் சிறு தொகை. அவர்கள் கொண்டுவந்த மாரியம்மன் வழிபாடு தப்பு மேளத்தோடு இன்றும் நடக்கிறது. பேசும் மொழி கயானா ஆங்கிலம், ஆனால் பூசையில் எங்கள் காதுக்குப் பழகிய சொற்கள் விழும். சாமியாடும் இடத்தில் கேட்காமல் படம் எடுக்கக் கூடாது.

மட்கோ

சில்லறை விசயங்கள். அமெரிக்க டொலரைக் கிழியாத, கோடு விழாத தாளாகக் கொண்டு போங்கள். கயானா டொலரை ஆற்றைக் கடக்கமுன்னும், சுரினாம் டொலரைத் திரும்பி விமானம் ஏறமுன்னும் செலவழித்து முடியுங்கள். சுரினாமில் மின்சாரம் 127 வோல்ற். தொலைபேசிச் சார்ஜரில் 100–240 என்று இருந்தால் பிரச்சினை இல்லை, எங்கள் 230 வோல்ற் கேத்தில் அங்கே சரியாகச் சூடேறாது. இரு நாட்டிலும் வாகனம் இடப்பக்கம்தான். கரையில் டெங்கு உண்டு, நுளம்புக்குப் பூசும் மருந்து இங்கிருந்தே கொண்டு போங்கள்.

சைவம் என்றால் பரமாரிபோவில் ரொட்டிக் கடைகளில் கோழி வேண்டாம் என்று சொன்னால் உருளைக்கிழங்கும் பயித்தங்காயும் வைத்துத் தருவார்கள். முட்டையும் சேர்ப்பது வழக்கம், அதையும் வேண்டாம் என்று சொல்ல வேண்டும்.

நாள் 6 கொமவைன ஆற்றுப் பக்கம் படகில் போங்கள், பின்னேரம் ஆற்று வாயில் டொல்பின் தெரியும். நாள் 7 சீலாண்டியா கோட்டை, ஆற்றங்கரைத் தெருவான வோற்றர்கான்ற், பள்ளிவாசலும் யூத ஆலயமும் பக்கம் பக்கமாக நிற்கும் கைசர் தெரு. இவ்வளவும் நடந்தே பார்க்கலாம். நீங்கள் திரும்பி விமானம் ஏறும் சன்டறை விமான நிலையம் நகரத்திலிருந்து 45 கிலோமீற்றர், ஒரே தெரு, நெரிசல் பிடிக்கும். விமானத்துக்கு ஐந்து மணி நேரம் இருக்கையில் விடுதியை விட்டுக் கிளம்புங்கள்.