கம்பம் பள்ளத்தாக்கில் சைக்கிள் பயணம்: வழி தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. வரும் ஜனவரியில் லோயர் கேம்ப்பில் தொடங்கி, முல்லைப் பெரியாற்றை ஒட்டியே கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் வழியாக வீரபாண்டி வரை மவுண்டன் பைக்கில் போக நானும் தம்பியும் ஆசைப்படுகிறோம். நெடுஞ்சாலை வேண்டாம். நெல் வயல், தென்னந்தோப்பு, திராட்சைப் பந்தல் நடுவே போகும் மண்பாதைதான் வேண்டும். அந்தப் பள்ளத்தாக்கின் அழகே அதில்தான் இருக்கிறது.

வாய்க்கால் கரைகளில் தொடர்ந்து ஓட்ட முடியுமா? ஆற்றை எங்கெல்லாம் கடக்கலாம்? போன முறை வைகை அணைப் பக்கம் போனபோது கருவேல முள் குத்தி ஒரே நாளில் 3 பஞ்சர். முள் அதிகமுள்ள இடங்களையும் சொல்லுங்கள். அப்புறம், தோட்டத்துக்குள் போகும் பாதை என்றால் யாரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்? விளைந்து நிற்கும் பயிருக்கு எங்களால் ஒரு சேதமும் வரக்கூடாது.