1947 சுதந்திர மெடல், விளிம்பில் வேறொருவர் பெயர்

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
வணக்கம். எங்கள் வீட்டில் இரண்டு மெடல்கள் இருக்கின்றன. சுதந்திர வெள்ளி விழாவுக்கு 1972இல் அப்பாவுக்குக் கொடுத்தது ஒன்று, 1997 பொன்விழாவுக்கு அண்ணனுக்குக் கொடுத்தது இன்னொன்று. அப்பாருவும் (அப்பாவின் அப்பா) பட்டாளத்துக்காரர்தான். அவருக்கு வந்த 1947 மெடலை, கையில் காசில்லாத ஒரு வருஷம் அப்பத்தா பித்தளைச் சாமானோடு சேர்த்துப் பாத்திரக்காரரிடம் போட்டுவிட்டார். அப்பா கடைசிவரை அதைச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

போன வாரம் வேலந்தாவளம் பக்கம் ஒரு ஆக்ரிக் கடையில் (பழைய சாமான் கடை), பழைய பூட்டு கிடந்த டப்பாவுக்குள் அதே வகை மெடல் ஒன்று கிடைத்தது. 600 ரூபாய் கொடுத்தேன். ரிப்பன் இல்லை. ஒரு பக்கம் அசோகர் தூண் சிங்கங்கள், கீழே 15 ஆகஸ்ட் 1947. மறுபக்கம் சக்கரம், அதற்கு மேல் கிரீடம், சுற்றிலும் ஆறாம் ஜார்ஜ் பெயர். சுதந்திர மெடலில் ராஜா பெயர் எப்படி? போலியா? விளிம்பில் எழுத்து தெரிகிறது, அழுக்கு அடைத்திருக்கிறது. புளி போட்டுத் தேய்க்கலாமா?

பாலக்காடு பெரியவர்:
தம்பி, புளி வேண்டவே வேண்டாம். அது செம்பும் நிக்கலும் கலந்த உலோகம். தேய்த்தால் எழுத்தின் முனை மழுங்கும், பிறகு எதைக் கொண்டும் அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. இரவில் விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து, மெடலை மெதுவாகச் சுற்றுங்கள். எழுத்து தானாக எழுந்து வரும்.

ராஜா பெயர் இருப்பதால் போலி ஆகாது. 1950 ஜனவரி 26 வரை நாம் டொமினியன், அதாவது ஆட்சி நம் கையில் இருந்தாலும் பெயருக்கு ஜார்ஜ்தான் ராஜா. அதனால்தான் சக்கரமும் கிரீடமும் ஒரே பக்கத்தில். விளிம்பில் எண், பதவி, பெயர், படைப்பிரிவு என்று வரிசையாக இருக்க வேண்டும். அந்த இடம் மட்டும் தேய்ந்து மெலிந்திருந்தால், பழைய பெயரை அராவிவிட்டுப் புதிதாக வெட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

நகரி வாசகர்:
என்னிடம் 1911 தில்லி தர்பார் (ஐந்தாம் ஜார்ஜ் முடிசூடியதற்காக நடந்த விழா) வெள்ளி மெடல் ஒன்று உண்டு. முன்னால் ராஜாவும் ராணியும், பின்னால் பாரசீக எழுத்து. பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் அதைப் பெயர் வெட்டாமலே கொடுத்தார்கள். யார் நெஞ்சில் தொங்கியது என்று எனக்குத் தெரியவே போவதில்லை. உங்களுடையது பேசும்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
டார்ச் வைத்துப் பார்த்தேன் ஐயா. விளிம்பு எல்லா இடத்திலும் ஒரே கனம். எண் முழுசாகத் தெரிகிறது, அப்புறம் சிப்பாய் என்பதன் சுருக்கம், பெயர். அப்பாரு பெயர் இல்லை. இல்லாமல்தான் இருக்கும் என்று தெரியும், ஆனாலும் கடைசி எழுத்துவரை கை நடுங்கியது. இதை அப்பா மெடலுக்குப் பக்கத்தில் ஒரே சட்டத்தில் வைக்கலாமா?

பாலக்காடு பெரியவர்:
வைக்காதீர்கள். உங்கள் பேரன் அதை அப்பாருவுடையது என்றே நினைப்பான், அந்தச் சிப்பாய் இரண்டாம் முறையும் தொலைந்துபோவார். தனிப் பெட்டி போடுங்கள். எந்தக் கடை, எந்தத் தேதி, என்ன விலை என்று ஒரு சீட்டும் உள்ளே. அந்தக் குடும்பம் பக்கத்து ஊரிலேயேகூட இருக்கலாம், விசாரியுங்கள்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
சரிங்க ஐயா. காவி, வெள்ளை, பச்சை மூன்றும் சம அகலத்தில் ரிப்பன் தேடுகிறேன், அவருக்காக. சட்டத்தில் அப்பா மெடலுக்கு இடதுபுறம் அப்பாரு பெயரை எழுதி, இடத்தைக் காலியாகவே விட்டுவிட்டேன்.