ரீகாயில் ஸ்பிரிங்: 'பின்னுதைப்பு வில்' பொருந்துமா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

போட்டிக் கைத்துப்பாக்கிகளின் உதிரிபாகங்களை விளக்கும் பயிற்சிக் குறிப்பேட்டிற்காக, 'ரீகாயில் ஸ்பிரிங்' (சுட்டதும் பின்னே செல்லும் மேற்பகுதியை மீண்டும் முன்னே தள்ளும் சுருள்வில்) என்பதற்குப் 'பின்னுதைப்பு வில்' என்ற சொல் முன்மொழியப்பட்டுள்ளது. 'ரீகாயில்' என்பதற்குப் பின்னுதைப்பு நல்ல சொல். துப்பாக்கி உதைக்கும் என்றுதான் நாமும் பேசுகிறோம். 'பின்னடைவு' வேண்டாம் என்பதையும் ஏற்கிறேன். வாக்கு எண்ணிக்கை நாளில் கேட்டுப் பழகிய காதுக்கு அது வேறு பொருளைத் தரும். ஆனால் சுருளின் பெயரில் பின்னுதைப்பை ஏற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை.

குண்டும் வாயுவும் முன்னோக்கிப் பெறும் உந்தத்திற்கு ஈடான உந்தம் துப்பாக்கிக்கு எதிர்த்திசையில் வந்தே தீரும். அதை எந்த வில்லும் குறைக்காது. பின்னே வரும் ஸ்லைடின், அதாவது குழலை மூடியபடி நகரும் மேற்பகுதியின், வேகத்தை ஓரளவு தணித்து, உதை கைக்கு வந்து சேரும் நேரத்தைச் சற்று நீட்டி, பிறகு ஸ்லைடை முன்னே தள்ளி அடுத்த தோட்டாவை அறைக்குள் ஏற்றிப் பூட்டுவதே அச்சுருளின் வேலை. பெயரில் பின்னுதைப்பு இருந்தால், வலுவான சுருளைப் போட்டால் உதை குறையும் என்று மாணவர் எண்ணிவிடுவார். போட்டியாளர்கள் செய்வதோ பெரும்பாலும் இதற்கு நேர்மாறானது. மூன்றாம் தலைமுறை க்ளாக் 17 கைத்துப்பாக்கியில் ஆலையிலிருந்து வரும் சுருள் ஏறத்தாழ 17 பவுண்டு வலுவுடையது. உதை குறைந்த தோட்டாக்களைப் பயன்படுத்துவோர் அதற்குப் பதிலாக 13 முதல் 15 பவுண்டு வரையிலான சுருளைப் பொருத்துகிறார்கள். ஸ்லைடு மென்மையாக முன்னே திரும்புவதால் குழல்வாய் கீழே குத்துவது குறைந்து, குறி விரைவில் நிலைகொள்கிறது. அளவுக்கு மீறி இளக்கினால் ஸ்லைடு துப்பாக்கியின் உடற்சட்டத்தில் பலமாக மோதும். முழுவதும் முன்னே சென்று பூட்டாமலும் நின்றுவிடும். மிகக் கடினமாக்கினாலோ ஸ்லைடு போதிய அளவு பின்னே செல்லாமல், வெற்றுக் கூடு வெளியேறாமல் சிக்கிக்கொள்ளும்.

திருவிதாங்கூர்ப் படைத்தலைவர் டிலனாய் காலத்தில் பீரங்கி வார்த்த நம் உதயகிரிக் கோட்டையை இங்கே நினைத்துப் பார்க்கலாம். அக்காலப் பீரங்கி சுட்டவுடன் வண்டியோடு பின்னே உருண்டுவிடும். ஒவ்வொரு முறையும் அதை முன்னே தள்ளிக் குறிவைக்க வேண்டும். 1897ஆம் ஆண்டின் பிரெஞ்சு 75 மி.மீ. பீரங்கியில் வண்டி நின்ற இடத்திலேயே நிற்க, குழல் மட்டும் பின்னே சென்று தானாகப் பழைய நிலைக்குத் திரும்பியது. உதை அதிலும் இருந்தது. கூடுதலாக வந்தது மீட்பு.

ஆகவே, பெயர் திரும்புதலைச் சொல்ல வேண்டும். 'மீள்வில்' என்றால் எல்லா வில்லும் மீள்வதே. மீள்தன்மை இல்லாத வில் ஏது? 'திருப்புவில்' என்பது திருப்புளியையும் திருப்புத்திறனையும் நினைவூட்டி, முறுக்கும் வில்லோ என்று மயங்க வைக்கும். 'மீட்புச்சுருள்' என்பதே என் பரிந்துரை. அலைவுகளைப் பற்றிய பாடத்தில் மீட்பு விசை என்ற சொல் ஏற்கெனவே உண்டு. ஞாயிறுதோறும் மீட்பரைப் பற்றிக் கேட்கும் நம் குமரி மாவட்டத்தில் யாரேனும் புன்னகைக்கலாம். அதனால் சொல்லுக்குக் கேடில்லை.

சுருளின் நடுவே நின்று அதை நேராக வைக்கும் 'கைடு ராட்' என்பதற்கு 'வழித்தண்டு' போதும். அதை மாற்றுவதன் நோக்கம் வேறு என்பதால் குறிப்பேட்டில் தனித் தலைப்பாக வைக்க வேண்டும். மேற்சொன்ன க்ளாக்கில் நெகிழித் தண்டே வருகிறது. எஃகைப் போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு அடர்த்தியுள்ள டங்ஸ்டனால் ஆன தண்டைப் பொருத்தினால் துப்பாக்கியின் முன்பகுதி கனத்து, குழல்வாய் மேலெழுவது குறைகிறது. எடை வரம்புள்ள போட்டிப் பிரிவுகளில் விதியைப் பார்த்த பிறகே இதைச் செய்ய வேண்டும்.

'ஸ்லைடு' அப்படியே இருக்கட்டும் என்பது என் கருத்து. நகர்மூடி, சறுக்கி ஆகிய இரண்டும் பயிற்சிக் களத்தில் எடுபடா. நான்காம் தலைமுறை க்ளாக்கில் ஒன்றனுள் ஒன்றாக அமைந்த இரு சுருள்களுக்கு 'இரட்டை மீட்புச்சுருள்' என்பது சரியாகுமா, 'அடுக்கு மீட்புச்சுருள்' என்பது தெளிவாகுமா என்று உறுப்பினர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.

அன்புடன்,
தக்கலையிலிருந்து ஓர் உறுப்பினர்