அட்டிக்கில் ஏர் ஹேண்ட்லர்: மாற்றியபோது பார்த்ததும் பராமரிப்பில் கற்றதும்

வட கரோலினாவில், ராலே பக்கத்தில் கேரியில் இருக்கிறோம். இங்கே மாடி வீடுகளில் பெரும்பாலும் கீழ்த்தளத்துக்கு ஒரு ஏசி மெஷின், மாடிக்கு ஒரு மெஷின். மாடிக்கானது கூரைக்கு அடியில் இருக்கும் பரணான அட்டிக்கில் படுத்துக் கிடக்கும். எங்கள் மாடி மெஷின் முந்தைய வீட்டுக்காரர் காலத்தது. காற்றைக் குளிர்விக்கும் காயிலில் லீக், அதில் ஓடும் குளிர்வாயுவும் பழைய ஆர்-22. அந்த வாயுவை 2020 தொடக்கத்திலிருந்து அமெரிக்காவில் புதிதாகத் தயாரிக்கவும் கூடாது, இறக்குமதி செய்யவும் கூடாது. அதனால் அடைத்து நிரப்புவதை விட்டுவிட்டு, வெளியே ஹீட் பம்ப் (கோடையில் குளிர்விக்கும், குளிர்காலத்தில் சூடாக்கும்), உள்ளே ஏர் ஹேண்ட்லர் (காயிலும் ஃபேனும் இருக்கும் பெட்டி) என்று முழுவதையும் மாற்றினோம்.

புது மெஷின் வாங்குகிறேன் என்று சொன்னால் எல்லோரும் முதலில் கேட்பது பிராண்டைத்தான். நான் பார்த்தவரை நல்லது கெட்டது இரண்டுமே மாட்டுகிறவர் கையில்தான் இருக்கிறது.

விலை கேட்டபோது வந்தவர்களில் பெரும்பாலானோர் வெளி யூனிட்டின் ஸ்டிக்கரைப் பார்த்துவிட்டு, "இப்போது மூன்றரை டன் இருக்கிறது, அதையே போட்டுவிடலாம்" என்றார்கள். ஒருவர் மட்டும் ஜன்னல்களை அளந்தார், எது எந்தத் திசையில் இருக்கிறது என்று குறித்துக்கொண்டார், அட்டிக்கில் ஏறி இன்சுலேஷன் எத்தனை அங்குலம் என்று பார்த்தார். வீட்டுக்கு எவ்வளவு பெரிய மெஷின் வேண்டும் என்று பார்க்க மேனுவல் ஜே என்று இங்கே ஒரு கணக்கு முறை இருக்கிறது. அதைப் போட்டு, இரண்டரை டன் போதும் என்றார். ஜூலை வெயிலுக்கு இது தாங்குமா என்று வீட்டில் எல்லோருக்கும் பயம்.

அவர் பொறுமையாக விளக்கினார். ஒரு டன் என்றால் மணிக்கு 12,000 பிடியு வெப்பத்தை வெளியேற்றும் திறன். தேவைக்கு மேல் பெரிய மெஷின் போட்டால் சில நிமிடங்களிலேயே சொன்ன டிகிரிக்கு வந்து நின்றுவிடும். ஆனால் காற்றிலுள்ள ஈரம் இறங்க வேண்டுமானால் குளிர்ந்த காயிலின் மேல் காற்று தொடர்ந்து ஓட வேண்டும். விட்டு விட்டு ஓடினால் அறை குளிரும், பிசுபிசுப்பு போகாது. எங்கள் மாடியில் அதுவரை இருந்த தொல்லை அதேதான்: 72 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டும், படுக்கை விரிப்பு நமுத்த மாதிரி இருக்கும். சின்ன மெஷின் வந்த பிறகு நீண்ட நேரம் மெதுவாக ஓடுகிறது. 60 சதவீதத்துக்கு மேல் நின்ற ஈரப்பதம் இப்போது 50ஐ ஒட்டி இருக்கிறது.

மாட்டிய அன்று பக்கத்திலேயே நின்று பார்த்தேன். செம்புக் குழாயைப் பற்றவைக்கும்போது உள்ளே நைட்ரஜனை மெல்ல ஓட விட்டார்கள். விடாவிட்டால் குழாயின் உட்புறம் கறுத்துப் பொருக்குக் கட்டி, அது பின்னால் போய் வால்வை அடைக்கும். அப்புறம் வேக்குவம் பம்ப் போட்டுக் குழாயிலுள்ள காற்றை உறிஞ்சி, அழுத்தத்தை 500 மைக்ரானுக்குக் கீழே இறக்கி, பம்பை நிறுத்திவிட்டு அளவு மறுபடி ஏறுகிறதா என்று காத்திருந்தார்கள். டக்ட் என்ற காற்றுக் குழாய்களின் இணைப்புகளில் துணி டேப் ஒட்டாமல் மாஸ்டிக் என்ற கெட்டிப் பசையைத் தூரிகையால் பூசினார்கள். சாதாரண டக்ட் டேப் டக்ட்டில் நிற்காது என்பதை லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகம் 1998லேயே சோதித்துச் சொல்லிவிட்டது. ஆனாலும் அக்கம்பக்கத்து அட்டிக்குகளில் அது உரிந்து தொங்குவதை இன்றும் பார்க்கிறேன்.

எனக்கு மிகவும் பிடித்தது கடைசியில் செய்த அளவு. ஏர் ஹேண்ட்லரின் இரண்டு பக்கமும் சின்னத் துளை போட்டு, மானோமீட்டர் குழாயைச் செருகிக் காற்றழுத்தம் பார்த்தார். மெஷினுக்குச் சொல்லப்பட்ட அளவு 0.5 அங்குலம் (தண்ணீர் மட்டத்தின் உயரத்தால் அழுத்தத்தைச் சொல்வது). எங்களுக்கு 0.8க்கு மேல் காட்டியது. ஒரு டன்னுக்கு நிமிடத்துக்குச் சுமார் 400 கன அடி காற்று போக வேண்டும். அறைக் காற்றை மெஷினுக்குத் திரும்பக் கொண்டுவரும் எங்கள் ரிட்டர்ன் டக்ட்டோ குறுகல். படிக்கட்டுத் தளத்தில் இன்னொரு ரிட்டர்ன் கிரில் வெட்டிய பிறகு அளவு இறங்கியது, ஃபேன் சத்தமும் பாதியானது. புது மெஷின் மாட்டுகிற எல்லோரும் இந்த எண்ணை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அளக்காமல் போகிறவருக்கு மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

வாயுவைப் பற்றி ஒரு வரி. ஆர்-22க்குப் பின் வந்த ஆர்-410ஏ வாயுவுக்கான புது வீட்டு மெஷின்களை 2025 ஜனவரி 1க்குப் பிறகு இங்கே தயாரிக்க முடியாது. அதனால் எங்களுக்கு வந்தது ஆர்-454பி. இது லேசாகத் தீப்பற்றக்கூடியது என்பதால் காயில் பக்கத்தில் ஒரு லீக் சென்சார் இருக்கிறது. கசிவு தெரிந்தால் கம்ப்ரஸரை நிறுத்தி ஃபேனை ஓட விடும்.

இனி தண்ணீர். அட்டிக்கில் மெஷின் வைத்திருப்பவர்கள் உண்மையில் பயப்பட வேண்டியது இதற்குத்தான். கோடையில் காயிலில் நாள் முழுக்கத் தண்ணீர் வடியும். அது ஒரு முக்கால் அங்குல பிவிசி குழாய் வழியாக வெளியே போகிறது. காயில் இருக்கும் இடத்தில் ஃபேன் காற்றை உள்ளே இழுத்துக்கொண்டே இருப்பதால், குழாய் நேராக இருந்தால் வெளிக்காற்று அதன் வழியே உள்ளே ஏறித் தண்ணீரை இறங்க விடாது. அதனால்தான் யு வடிவில் ஒரு டிராப் வைத்து, அதில் தண்ணீர் நிற்க வைக்கிறார்கள். அந்த வளைவில்தான் பாசியும் வழவழப்பும் சேர்ந்து அடைக்கும்.

எதிர் வீட்டில் மதுரைத் தம்பி ஒருவர் இருக்கிறார். ஒரு ஆகஸ்ட் மாலை, "அண்ணே, ஜன்னலுக்கு மேலே ஒரு குழாயிலிருந்து சொட்டுது, மழை கூட இல்லையே" என்று கூப்பிட்டார். மேலே பார்த்தேன். வெள்ளைக் குழாய் ஒன்று சுவரிலிருந்து இரண்டு அங்குலம் நீட்டிக்கொண்டு, ஜன்னல் கண்ணாடிக்கு நேர் மேலே சொட்டிக்கொண்டிருந்தது. அந்த இடம் தற்செயல் கிடையாது. முதல் குழாய் அடைத்தால் தண்ணீர் மாற்று வழியில் வந்து கண்ணில் படுகிற இடத்தில் விழ வேண்டும் என்றே அங்கே வைக்கிறார்கள். அட்டிக்கில் ஏறினால் மெஷினுக்கு அடியில் இருந்த தகரத் தட்டில் தண்ணீர். தட்டின் ஓரத்தில் ஃப்ளோட் ஸ்விட்ச் இருந்தது. தண்ணீர் ஏறினால் மெஷினையே நிறுத்த வேண்டிய ஸ்விட்ச் அது. ஆனால் அதன் இரண்டு ஒயர்களும் எதிலும் மாட்டப்படாமல் சுருட்டி ஜிப் டை போட்டுக் கட்டியிருந்தன. மாட்டியவர் அப்படியே விட்டுவிட்டுப் போயிருக்கிறார். இன்னும் சில நாள் கவனிக்காமல் இருந்திருந்தால் கீழே குழந்தைகள் அறையின் சீலிங் இறங்கியிருக்கும். எனக்கு இன்றும் கோபம் அடங்கவில்லை.

மெஷினை நிறுத்திவிட்டு, வெளியே தரையோரம் முடியும் முதல் குழாயில் தண்ணீரையும் உறிஞ்சும் ஈர வேக்குவமை வைத்து, இடைவெளியைத் துணியால் சுற்றிப் பிடித்து இழுத்தோம். பழுப்பு நிறத்தில் ஜெல்லி மாதிரி ஒரு கட்டி வந்தது, பின்னாலேயே தண்ணீர் கொட்டியது. அப்புறம் டிராப் நிறையத் தண்ணீர் ஊற்றினோம். மறுநாள் டெக்னீஷியன் வந்து ஸ்விட்சை இணைத்தார். ஃப்ளோட்டைக் கையால் தூக்கிப் பார்த்தோம், மெஷின் நின்றது. இந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. இன்றே ஏறிச் செய்து பாருங்கள். கோடை முழுக்க மாதம் ஒரு தரம் நான் டிரெயின் குழாயில் ஒரு கப் வெள்ளை வினிகர் ஊற்றுகிறேன். ப்ளீச் ஊற்றுகிறவர்களும் உண்டு. உலோகத்துக்கு ஆகாது என்பதால் நான் தொடுவதில்லை.

ஃபில்டரைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறீர்கள். மெர்வ் எண் (எவ்வளவு நுண்ணிய தூசியைப் பிடிக்கும் என்ற அளவு) கூடக் கூட நல்லது என்று எடுத்தவுடன் 13க்குப் போகாதீர்கள். ஒரு அங்குல ஃபில்டரில் 13 என்றால் காற்று திணறும். காற்று குறைந்தால் காயில் உறைந்து பனிக்கட்டி கட்டும். ஒரு அங்குலத்துக்கு 8 போதும். அலர்ஜி இருக்கிற வீடு என்றால் நான்கு அங்குல ஃபில்டர் பெட்டியாக மாற்றி 13 போடலாம். எங்கள் வீட்டில் அப்படித்தான். பனி கட்டிவிட்டால் கூலிங்கை நிறுத்தி ஃபேனை மட்டும் ஓட விடுங்கள், கத்தியால் சுரண்டாதீர்கள்.

குளிர்காலக் கதை வேறு. வெளியே ரொம்பக் குளிர்ந்தால் ஏர் ஹேண்ட்லருக்குள் இருக்கும் ஹீட் ஸ்ட்ரிப் (மின்சாரத்தில் சூடாகும் கம்பிச் சுருள்) துணைக்கு வரும். 10 கிலோவாட் ஸ்ட்ரிப் 240 வோல்ட்டில் 40 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். இரவில் தெர்மோஸ்டாட்டை 62க்கு இறக்கிவிட்டுக் காலையில் ஒரே தாவலாக 70க்கு ஏற்றினால், ஹீட் பம்ப் மட்டும் போதாது என்று ஸ்ட்ரிப்பும் எரியத் தொடங்கும். மிச்சம் பிடித்தது அங்கேயே போய்விடும். நாங்கள் 68ல் வைத்துவிட்டு இரண்டு டிகிரிக்கு மேல் மாற்றுவதில்லை. தெர்மோஸ்டாட்டில் இருக்கும் எமர்ஜென்சி ஹீட், வெளி யூனிட் பழுதானால் மட்டும். அதைப் போட்டால் ஹீட் பம்ப் நின்று, வெறும் ஸ்ட்ரிப் மட்டுமே ஓடும்.

நவம்பரில் ஸ்ட்ரிப் முதல் தடவை எரியும்போது தூசி கருகும் வாடை வரும், கொஞ்ச நேரத்தில் போய்விடும். அன்றைக்கும் மேல் வாடை போகாமல் இருந்தாலோ, பிளாஸ்டிக் கருகும் நாற்றம் அடித்தாலோ ஏர் ஹேண்ட்லர் பிரேக்கரை இறக்கிவிட்டு டெக்னீஷியனைக் கூப்பிடுங்கள்.