நானே எழுதிய நிரலுக்கும் காப்புரிமை (பேட்டன்ட்) வழக்கு வருமா?

கேள்வி:
படங்களைச் சுருக்கும் சின்ன நிரல் நூலகம் ஒன்றை, யாரும் எடுத்துப் பயன்படுத்த விடும் எம்ஐடி உரிமத்தில் வெளியிட்டேன். முழுக்க நானே எழுதியது, ஒரு வரிகூட நகல் இல்லை. நேற்று ஒருவர் "இந்த முறைக்குக் காப்புரிமை இருக்கலாம்" என்று மட்டும் எழுதிவிட்டுப் போய்விட்டார். தூக்கம் போச்சு. மாட்டுவேனா?

பதில் 1:
நீங்களே எழுதியது என்பது பதிப்புரிமை (காப்பிரைட்) வழக்குக்குத்தான் கவசம். காப்புரிமை செய்முறையையே பூட்டுகிறது. அதைப் பார்க்காமல் எழுதியிருந்தாலும் மாட்டலாம். ஜிஃப் என்ற பட வடிவத்தின் கதை தெரியுமே? அதிலிருந்த சுருக்க முறைக்கு காப்புரிமை வைத்திருந்த யுனிசிஸ் நிறுவனம் கட்டணம் கேட்டது. அந்தக் கோபத்தில் பிறந்ததுதான் பிஎன்ஜி பட வடிவம்.

பதில் 2:
அப்பாச்சி 2.0 என்ற திறமூல உரிமத்துக்கு மாறுங்கள். பங்களிப்பவர்களின் காப்புரிமைக்கு அதில் எழுத்திலேயே அனுமதி உண்டு. எம்ஐடியில் காப்புரிமை என்ற சொல்லே கிடையாது. வெளியாள் வழக்குப் போட்டால் எந்த உரிமமும் தடுக்காது, அது வேறு விஷயம். 2019இல் ஷாட்வெல் என்ற புகைப்பட மென்பொருளுக்காக, திறமூல மென்பொருள் அமைப்பான க்னோம் அறக்கட்டளை மீதே காப்புரிமை வழக்கு வந்தது, 2020இல் சமரசமானது.

கேட்டவர்:
சரி, காப்புரிமை எண் என்ன என்று அவரிடமே கேட்டிருக்கிறேன். அதுவரை சுருக்கும் பகுதியைத் தனிக் கோப்பாகப் பிரித்து வைக்கிறேன், தேவைப்பட்டால் கழற்றிவிடலாம்.

பதில் 1:
எண் வந்ததும் முதலில் விண்ணப்பத் தேதியைப் பாருங்கள். 20 ஆண்டு தாண்டியிருந்தால் பெரும்பாலும் காலாவதிதான். இல்லையென்றால் எதற்கு உரிமை என்று சொல்லும் உரிமைக்கோரல்களை மட்டும் படியுங்கள், ஆவணத்தில் உள்ள வரைபடங்களைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அப்புறம் வழக்கறிஞர்.