தலையில் அடிபட்ட அண்ணனுக்கு வாழ்க்கையில் ஒரு பிடிப்பு வர என்ன செய்யலாம்?

கேள்வி (திருப்பாதிரிப்புலியூர்):
அண்ணன் எலக்ட்ரீஷியன், வயது 34. போன வருஷம் ஈ.சி.ஆரில் பைக்கிலிருந்து விழுந்து தலையில் அடி. இப்போது நடக்கிறார், பேசுகிறார், பார்க்கிறவர்கள் "நல்லாத்தானே இருக்கான்" என்கிறார்கள், ஆனால் காலை பதினொரு மணிக்கே ஓய்ந்துவிடுகிறார், மிக்சி சத்தம் கேட்டால் கத்துகிறார், டெஸ்டரைக் கையில் வைத்துக்கொண்டே தேடுகிறார். "நான் இனி எதுக்கு?" என்று நேற்று அம்மாவிடம் கேட்டிருக்கிறார்.

பதில் (மஞ்சக்குப்பம்):
தங்கச்சி, எனக்கும் 2017இல் அடிபட்டது. அது சோம்பேறித்தனம் இல்லை, அடிபட்ட மூளை சின்ன வேலைக்கே கூடுதலாக உழைக்கிறது. பழைய ஆளாக மாறியே தீருவேன் என்று மூன்று வருஷம் முட்டி மோதினேன், அதுதான் தப்பு. இப்போது விடியற்காலையில் சில்வர் பீச்சில் நடை, அப்புறம் தம்பி கடையில் இரண்டு மணி நேரம் கணக்கு, சட்டைப்பையில் அன்றைய வேலைகளை எழுதிவைக்க ஒரு குட்டி நோட்டுப்புத்தகம். முடித்த வேலையைப் பேனாவால் அடிக்கும்போது மனசு நிறைகிறது.

பதில் (முத்தியால்பேட்டை):
"எதுக்கு" என்றதை லேசாக விடாதீர்கள். தலைக்காயத்துக்குப் பிறகு மனச்சோர்வு நிறையப் பேருக்கு வரும், மருந்தும் உண்டு. புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது, இந்த வாரமே கூட்டிப் போங்கள். கரண்ட் வேலைக்குத் தனியாக அனுப்பாதீர்கள். கழற்றி மாட்டுகிற வேலையாகக் கொடுத்துப் பாருங்கள்.

கேட்டவர்:
ரொம்ப நன்றி. புதன்கிழமை போகிறோம். பழைய டேபிள் ஃபேன் ஒன்றைத் திண்ணையில் வைத்தேன், யாரும் சொல்லாமலே ஸ்குரூக்களைக் கிண்ணத்தில் வரிசையாகக் கழற்றிப் போட்டிருக்கிறார்.