மறு: தெர்ம்-ஓ-மீட்டர்: நடுவில் வரும் ‘ஓ’வுக்கு என்ன பெயர்?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

வணக்கம். எட்டாம் வகுப்புக்கு மேல் அறிவியல் ஆங்கிலம் படிக்கும் தமிழும் மலையாளமும் கேட்டு வளரும் நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கான சொற்கையேட்டில் ஓர் இடம் காலியாக நிற்கிறது. தெர்ம் என்றால் வெப்பம், மீட்டர் என்றால் அளவி. இடையில் வரும் ‘ஓ’வுக்குப் பொருள் கிடையாது, கிரேக்க வழிச் சொற்களில் உறுப்புகளைச் சேர்க்க மட்டும் வருவது. லத்தீன் வழிச் சொற்களில் அந்த வேலையை ‘இ’ பார்க்கும்: பெஸ்ட்-இ-சைடு. ‘இணைப்புயிர்’ என்று வைக்கலாமா?

பெயர் வைத்தே ஆக வேண்டும். ஏனென்றால் பல சொற்களில் குரல் ஓங்குவது இந்த ஓவில்தான். லஜி, கிராஃபி, ஸ்கோப்பி, கருவியைக் குறிக்கும் மீட்டர் ஆகியவை வாலாக வந்தால் அழுத்தம் ஓவில். கிராஃப், ஸ்கோப், ஸ்டாட் வந்தால் முதல் உறுப்பிலேயே அழுத்தம் விழுந்து, ஓ மங்கிவிடும். அழுத்தம் விழும் ஓ ‘ஆ’ போல ஒலிப்பதைத் தமிழ்க் காது எப்போதோ பிடித்துவிட்டது: பயாலஜி, ஆனால் பயோகேஸ், தெர்மாமீட்டர், ஆனால் தெர்மோஸ்டாட். மலையாளத்தில் எல்லாம் ஓதான்: பயோளஜி, தெர்மோமீற்றர். இரண்டையும் கேட்டு வளரும் பிள்ளை மாற்றி மாற்றிச் சொல்கிறது.

சித்தூரிலிருந்து (பாலக்காட்டுச் சித்தூர்):

மாஷே, ‘இணைப்புயிர்’ வேண்டாம். உயிரியல் வகுப்பில் சொன்னால் ஒட்டுண்ணிக்குச் சொந்தம் என்று நினைப்பார்கள். நம் இலக்கணத்திலேயே பெயர் இருக்கிறதே, சாரியை: உறுப்புகள் சேரும்போது நடுவில் பொருளின்றி வருவது. புளியங்காயில் வரும் ‘அம்’முக்கு என்ன பொருள்? ‘மரத்தில்’ என்னும்போது வரும் ‘அத்து’க்கு? சாரியை வரவும் செய்யும், வராமலும் போகும் என்று நன்னூலே இடம் கொடுக்கிறது.

இந்த ஓவும் அப்படித்தான். பின்வரும் விகுதி உயிரில் தொடங்கினால் ஓ போய்விடும்: கேஸ்ட்ர் (இரைப்பை) + ஐட்டிஸ் (அழற்சி), கேஸ்ட்ரைட்டிஸ். மெய்யில் தொடங்கினால் நிற்கும்: கேஸ்ட்ரோஸ்கோப். உடலுறுப்புப் பெயர்கள் இரண்டு சேர்ந்தாலோ, பின்னது உயிரில் தொடங்கினாலும் ஓ நிற்கும்: கேஸ்ட்ர்-ஓ-என்டர்-ஆ-லஜி. இங்கே சாரியை இரண்டு, அழுத்தம் பின்னதற்கு மட்டும். பிள்ளைகள் முதல் ஓவை அழுத்திவிட்டு வாலை விழுங்குவது இதில்தான்.

படிக்கும்போது வாலை முதலில் வெட்டி, சாரியையின் இரு பக்கமும் கோடு போடச் சொல்லுங்கள். லஜி: இயல். எதன் இயல்? கேஸ்ட்ர் இரைப்பை, என்டர் குடல். உரக்கச் சொல்வதும் வாலிலிருந்தே: ஆலஜி, என்டராலஜி, கேஸ்ட்ரோஎன்டராலஜி. முன்னாலிருந்து எழுத்துக்கூட்டினால் அழுத்தம் தவறான இடத்தில் உட்கார்ந்துவிடும், பிறகு எழுப்புவது கஷ்டம்.

குப்பத்திலிருந்து:

சாரியைக்கே என் ஓட்டும். ஆனால் ‘ஆ ஒலித்தால் அழுத்தம்’ என்று விதியாகப் போட்டுவிடாதீர்கள். ஹெலிகாப்டரில் ‘கா’ இருக்கிறது, அழுத்தம் ‘ஹெ’யில். அதை ஹெலி, காப்டர் என்று பிரிப்பதும் தப்பு. ஹெலிக்-ஓ-ப்டெர்: சுருள், சிறகு.

மீட்டரிலும் ஒரு பொறி உண்டு. மைக்ரோமீட்டர் கருவியானால் அழுத்தம் ‘க்ரோ’வில். மீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற அலகானால் ‘மை’யில். வோல்ட்மீட்டரில் சாரியையே இல்லை, அழுத்தம் முதல் அசையில். இக் என்று முடிந்தால் அதற்கு முந்திய அசை: மைக்ரோஸ்காப்பிக்கில் ‘ஸ்கா’.

வெறும் ‘அழுத்தம்’ வேண்டாம், இயற்பியலில் பிரஷருக்குக் கொடுத்தாயிற்று. ‘அசையழுத்தம்’ என்று எழுதுங்கள் சார்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

சாரியை, அசையழுத்தம் இரண்டையும் ஏற்றுவிட்டேன். பயோ, ஜியோ இரண்டையும் வெட்டப் போவதில்லை; ஓவை எடுத்தால் எஞ்சுவது பிள்ளைகளுக்கு உதவாது. ‘இ’ சாரியைக்குத் தனிப் பக்கம் வேண்டியிருக்கிறது: கார்னிவோரில் (ஊனுண்ணி) ‘இ’ மங்குகிறது, கார்னிவரஸில் அசையழுத்தம் ‘னி’க்குப் போகிறது. இதுபோல இணை இணையாக வரும் சொற்கள் இருந்தால் அனுப்புங்கள்.